குதித்துப் பார்த்தவன் சொல்

பியெத்ரா சோலா
ஆகஸ்ட் 20, 2000

அன்புத் தங்கை நோயெமிக்கு,

அண்ணன் எவாரிஸ்தோ எழுதுகிறேன். இருமலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உன் உடம்பு எப்படி என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். புவெனஸ் அயர்ஸ் டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? மெந்தோசாவில் சொன்னதையேதான் சொல்கிறார்களா?

போனில் பேசலாம் என்று இரண்டு முறை ஆபீஸ் வாசலில் நின்றேன். மலைக்கே ஒரு போன். பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டு, "சீக்கிரம் முடிய்யா, எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்று முதுகில் தட்டுகிறார்கள். அங்கே நின்று உன்னிடம் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். ரொட்டி வண்டி சாந்தோஸ் செவ்வாயும் வெள்ளியும் மலார்குவேக்கு இறங்கும்போது தபாலை எடுத்துப் போகிறான்.

நீ விழுந்து பதினோரு நாள் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். நீ ஸ்கீயில் குதித்த அந்தக் குதிமேட்டை, நீ விழுந்த மறுநாளே பனி வண்டியை ஏற்றி இடித்துத் தள்ளிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை.

அன்றைக்குக் காற்று மோசம், நோயெமி. இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். காற்றுக்கு முன்னால் நாம் என்ன செய்ய முடியும்?

போன வாரம் இடுப்பளவு பனி கொட்டியது. பெரிய பாறைக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஓடைப் பள்ளங்களும் பனியால் நிரம்பிவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்பே தொங்கு நாற்காலி அடியில் போய் வரிசை கட்டுகிறார்கள். ஒரு ஆஸ்திரியாக்காரன் இரண்டு ஸ்கீயில் ஒன்றைப் பனிக்குள் தொலைத்துவிட்டு, ஒற்றைக் காலில் அடிவாரம் வரை வந்து, "இன்னொரு தடவை போகலாமா?" என்கிறான். பைத்தியக்காரக் கூட்டம். நீ இருந்தால் அவனோடு போயிருப்பாய்.

நன்றாகச் சாப்பிடு. நர்ஸோடு சண்டைக்குப் போகாதே.

உன் அண்ணன்,
எவா


புவெனஸ் அயர்ஸ்
செப்டம்பர் 3, 2000

அன்புள்ள அண்ணா,

உன் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் குடி, ஜின் குடிக்காதே. என் சுகத்தைக் கேட்டிருக்கிறாய். இடுப்புக்கு மேலே சுகம். கீழே என்ன நடக்கிறது என்று எனக்கே தகவல் வருவதில்லை.

பெரிய டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "நடப்பேனா டாக்டர்?"

"முதல்ல உக்காரப் பழகுவோம் நோயெமி."

"உக்காரதுக்கு நான் ஒரு வயசுலயே பழகிட்டேன். நான் கேட்டது வேற."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் போய்விட்டார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்று முழுக்க அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் திலியா, குதிரையிலிருந்து விழுந்தவள், தன் மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை எட்டி நீட்டி, "குடிடி, அழுறதுக்கும் தெம்பு வேணும்ல?" என்றாள். குடித்தேன்.

அண்ணா, காற்று என்று எழுதியிருக்கிறாய். எந்தக் காற்று? மேல் குடிசையின் கொடி நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்ததே. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மேலே நின்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "எவா, குதிச்சுப் பாத்தியா?" நீ கீழே இருந்து, "பாத்தாச்சு, பறந்து வா!" என்றாய். எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று காட்ட நீ நட்டிருந்த சிவப்புக் குச்சியடியிலிருந்து புறப்பட்டேன். ஒரு தள்ளு கூடக் கூடுதலாகத் தள்ளவில்லை. மேட்டை விட்டு எழும்பினேன். இறங்குசரிவு என் காலுக்கு அடியில் வந்தது, வந்து அப்படியே பின்னால் போய்விட்டது. அதற்கு அப்பால் தட்டைத் தரை. அங்கே விழுந்தேன்.

நீ அன்று காலையில் குதித்துப் பார்த்து நட்ட குச்சி. ஆகவே வேகம் சரி. காற்றும் இல்லை. அப்படியானால் தப்பு என் உடம்பில்தான் எங்கேயோ இருக்கிறது. கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தக் குதியை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை குதிக்கிறேன். தப்பு மட்டும் கிடைக்க மாட்டேன் என்கிறது. அது கிடைத்துவிட்டால் மனசு அடங்கும்.

நிதியா வாக்கி-டாக்கியோடு இறங்குசரிவின் ஓரத்தில் காவலுக்கு நின்றாளே, அவளைக் கேள். என்ன பார்த்தாள் என்று எழுது. எனக்காக மறைக்க வேண்டாம்.

உன் தங்கை,
நோயெமி


பியெத்ரா சோலா
செப்டம்பர் 14, 2000
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

நோயெமி,

நான் குதித்துப் பார்க்கவில்லை.

முந்தின நாள் மதியம் வெயில் ஏறிப் பனி இளகிக் கஞ்சியாகக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். யாருக்கும் வேகம் பற்றவில்லை. இறங்குசரிவு வரைக்கும் போகாமல் மேட்டு முதுகிலேயே விழுந்தார்கள். நான்தான் குச்சியைப் பிடுங்கிப் பன்னிரண்டு தப்படி மேலே கொண்டுபோய் நட்டேன். அந்த மதியத்துக்கு அது சரியான இடம். ராத்திரி மேகம் கலைந்து குளிர் ஏறி எல்லாம் உறைந்துபோனது. காலையில் சரிவு கண்ணாடி. குச்சி பன்னிரண்டு தப்படி கீழே இறங்கியிருக்க வேண்டும். இதைப் போன வருடம் வந்து சேர்ந்த பயல்கூடச் சொல்வான்.

மேட்டைக் கட்டியவன் காலையில் முதல் ஆளாகக் குதிக்க வேண்டும், குதித்தவன்தான் குச்சி நட வேண்டும். இந்த மலையில் நமக்கு வேறு சட்டம் கிடையாது. பதினாறு வருடமாக நான் அதைத் தவறவிட்டதில்லை. அன்று தவறினேன். முந்தின சாயங்காலம் தொங்கு நாற்காலி ஓட்டுகிறவனுக்குப் பிறந்தநாள், குடித்தேன், எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கு எழ வேண்டியவன் பத்தேகாலுக்கு வந்தேன். நீ ஏற்கனவே மேலே நிற்கிறாய். நீ கேட்கிறாய். சுற்றிலும் பசங்கள் நிற்கிறார்கள். "இல்லடி, இரு, வரேன்" என்று சொல்ல என்ன கேடு எனக்கு? வெட்கம். தலைவலியோடு அத்தனை தூரம் ஏறச் சோம்பல். "பாத்தாச்சு" என்றேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

நீ புறப்பட்ட சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உறைந்த பனியில் ஸ்கீ கரகரவென்று அலறும். கையை ஆட்டினேன், கத்தினேன். அதற்குள் நீ மேட்டில் இருந்தாய்.

இதைச் சொன்னால் நீ என்னைப் பார்க்கவே மாட்டாய். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதுகிறேன்: சாந்தோஸிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி வளைவு திரும்புவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். "என்னய்யா, காதலிக்கு எழுதுனியா?" என்று சிரிக்கிறான்.


பியெத்ரா சோலா
செப்டம்பர் 16, 2000

அன்புத் தங்கை நோயெமிக்கு,

உன் கடிதம் வந்தது. டாக்டர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. நடப்பாய். உன் பிடிவாதத்துக்கு நடக்காமல் இருக்க முடியாது. எனக்கு இருமல் தேவலை, தேன் குடித்தேன்.

நீ கேட்டபடி நிதியாவிடம் விசாரித்தேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். வற்புறுத்திய பிறகு சொன்னாள்: மேட்டை விட்டு எழும்பும்போதே உன் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்ததாம். கொஞ்சம்தான், விரற்கடை அளவு. யாருக்கும் வரலாம். எனக்கே எத்தனை தடவை வந்திருக்கிறது. போட்டிக்கு முன்னால் மனசில் ஒரு படபடப்பு இருக்குமில்லையா, அதுவாக இருக்கும்.

ஆகவே இனிக் கூரையைப் பார்த்துக்கொண்டு குதிக்காதே. விடை கிடைத்துவிட்டது, தூங்கு.

பனி குறைந்துகொண்டே வருகிறது. கீழ்ச்சரிவில் கல் தெரிகிறது. இன்னும் மூன்று வாரம் ஓடினால் பெரிய விஷயம்.

உன் அண்ணன்,
எவா


புவெனஸ் அயர்ஸ்
அக்டோபர் 10, 2000

அன்புள்ள அண்ணா,

உட்காரப் பழகிவிட்டேன். டாக்டருக்குப் பரம சந்தோஷம். திலியா வீட்டுக்குப் போய்விட்டாள், அவளுக்கு ஒரு கால் வேலை செய்கிறது. போகும்போது மாத்தேக் குவளையை என்னிடம் விட்டுப் போனாள்.

பின்னால் சாய்ந்தேனா? ஒன்பது வயதில் நீ என் முதுகில் குச்சியால் தட்டித் தட்டி, "முன்னால குனிடி, பயந்தவதான் பின்னால சாய்வா" என்று கற்றுக்கொடுத்தாய். அதற்குப் பிறகு நான் சாய்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நிதியா பார்த்தாள் என்று எழுதுகிறாய். சரி. அப்படியானால் அன்றைக்கு நான் பயந்திருக்கிறேன். பயந்தது எனக்கே தெரியாமல் பயந்திருக்கிறேன்.

கால் போனதை விட இதுதான் கஷ்டமாக இருக்கிறது, அண்ணா. என் உடம்பை எனக்குத் தெரியும் என்று இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் எர்மினியா, "கையை நம்புங்க, கை தாங்கும்" என்கிறாள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது கை தாங்குமா என்று சந்தேகம் வருகிறது. முன்பு எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை.

நீ எப்போது வருவாய்? சீசன் முடிந்திருக்குமே.

உன் தங்கை,
நோயெமி


மலார்குவே
நவம்பர் 2, 2000

அன்புத் தங்கை நோயெமிக்கு,

நலம்தான். கீழே இறங்கிவிட்டேன். லாரி பட்டறையில் கோடைக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி லீவு தர மாட்டேன் என்கிறான். கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன். கையை நம்பு, எர்மினியா சொல்வது சரிதான். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு.

அவசரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

எவா


புவெனஸ் அயர்ஸ்
ஜனவரி 15, 2001

அன்புள்ள அண்ணா,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேறு விஷயம் இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. எஸ்கெல்லிலிருந்து ஒரு ஸ்கீ சங்கத்துக்காரர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பெண் பிள்ளைகளாம், குதிக்கவும் பாதை இல்லாத பனியில் இறங்கவும் பழகுகிறார்களாம். சொல்லிக்கொடுக்க நான் வேண்டுமாம். "நீங்கள் சறுக்க வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும். நாற்காலியோடு சேர்த்து உங்களை மேலே இழுத்துப்போக ஒரு பனி வண்டி தருகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. எர்மினியா ஓடிவந்து, "என்னாச்சு, வலிக்குதா?" என்று கேட்டாள். "வேலை கிடைச்சிருக்கு, மலைல!" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

எனக்குப் போக ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. இதை விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரும்தான்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நிதியா என்னைப் பார்க்க வந்தாள். பின்னால் சாய்ந்தேனாமே என்றேன். அவள் முழித்தாள். "யாருடி சொன்னா? நான் நின்ன எடத்துலேந்து மேடே தெரியாது. நீ காத்துல வந்ததுக்கப்புறம்தான் உன்னையே பாத்தேன். எவா எங்கிட்ட ஒரு வார்த்தையும் கேக்கலையே" என்றாள்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று நான் சண்டை போடப் போவதில்லை. ஒன்றே ஒன்று சொல். அன்று காலையில் குதித்துப் பார்த்தாயா?

பார்த்தாய் என்றால் தப்பு என்னுடையது. என்ன தப்பு என்று தெரியாதவள் இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பக் கூடாது. எஸ்கெல்லுக்கு மாட்டேன் என்று எழுதிவிடுவேன். பார்க்கவில்லை என்றால், அதையும் எழுது. கத்த மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். உண்மையைத் தெரிந்துகொண்டு வேலைக்குப் போவேன். ஏப்ரல் முடிவதற்குள் அவர்களுக்குப் பதில் வேண்டும்.

ஒரு வார்த்தை போதும், அண்ணா.

நோயெமி


மலார்குவே
மார்ச் 27, 2001

அன்புத் தங்கை நோயெமிக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. பட்டறையில் விரல் நசுங்கிப்போய் எழுத முடியவில்லை. இப்போது தேவலை. உனக்கு ஜுரம் ஏதும் இல்லையே? இங்கே வெயில் தணிந்துவிட்டது, பாப்லார் மர இலைகள் பழுத்துவிட்டன. பக்கத்து வீட்டு நாய் ஏழு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார்கள். மலை ஆபீஸில் கூப்பிட்டு, வரும் சீசனுக்குக் குதிமேட்டு வேலைக்கு நீதான் மேஸ்திரி என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கீழே ஐந்து பேர். பழைய பனி வண்டியை மாற்றிப் புதிது வாங்குகிறார்களாம்.

நிதியாவுக்கு மறதி. அவள் சொன்னதை நான்தான் உனக்கு எழுதினேன், இப்போது இல்லை என்கிறாள். போகட்டும், விடு.

நீ கேட்டதற்குப் பதில்: குதித்துப் பார்த்தேன்.

எஸ்கெல் விஷயத்தில் அவசரப்படாதே. தப்பு எல்லாருக்கும் வருவதுதான். அதற்காக வேலையை விடுவார்களா? போ. நான் சொல்கிறேன், போ.

உன் அண்ணன்,
எவா


புவெனஸ் அயர்ஸ்
ஏப்ரல் 9, 2001

அன்புள்ள அண்ணா,

விரல் ஆறியிருக்கும். எனக்கு ஜுரம் இல்லை. மேஸ்திரி ஆனதற்கு வாழ்த்து.

நீ சொல்லிவிட்டாய், அது போதும். எஸ்கெல்லுக்கு மாட்டேன் என்று நேற்று எழுதிப் போட்டேன். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் இங்கிருந்து அனுப்பிவிடுகிறார்கள். எர்மினியாவின் அத்தை வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது. டெலிபோன் எடுத்துப் பேசும் வேலைக்குப் பழக்குகிறார்கள். "வணக்கம், யாரோட பேசணும்?" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்ல வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதாம்.

நாய்க்குட்டியை எடுத்துக்கொள். உனக்கும் துணை வேண்டும்.

நோயெமி


பியெத்ரா சோலா
ஜூன் 24, 2001

நோயெமி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான் குதித்துப் பார்க்கவில்லை. பத்தேகாலுக்குத்தான் வந்தேன். குச்சி முந்தின நாள் மதியம் நட்ட இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு தப்படி கீழே இருந்திருக்க வேண்டும். நீ சாயவும் இல்லை, பயப்படவும் இல்லை. நீ சரியாகக் குதித்தாய், நான் உன்னைத் தப்பான இடத்திலிருந்து அனுப்பினேன். பிறகு நிதியா பெயரில் ஒரு பொய், மார்ச்சில் இன்னொரு பொய். செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் எழுதினேன், அனுப்பத்தான் துணியவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

நேற்று மலை திறந்தார்கள். புதுக் குதிமேடு, என் முதல் மேடு, மேஸ்திரியாக. விடிகாலையில் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நின்றேன். குதிக்க வேண்டும். கால் வரவில்லை. அரை மணி நேரம் நின்றேன். தொங்கு நாற்காலி ஓட ஆரம்பித்து, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, சான் ரஃபேல்காரி, என் பக்கத்தில் வந்து நின்று, "குதிச்சுப் பாத்தாச்சா மேஸ்திரி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பாத்தாச்சு" என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது, நோயெமி. சத்தியமாக வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லம்மா. நான் பாக்கல. யாரும் குதிக்கக் கூடாது" என்றேன். கயிறு கட்டி மேட்டை அடைத்தேன். நேராக ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், போன வருடத்தையும் சேர்த்து. என் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை சாந்தோஸ் வண்டியில் இறங்குகிறேன்.

எஸ்கெல்லுக்கு எழுது. காலில் விழுந்து கேட்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே, இனி உனக்கு என்ன தடை? அவர்கள் வேறு ஆளை வைத்திருந்தாலும் உன்னை விட மாட்டார்கள். வேண்டுமானால் நானே போய் அவர்கள் முன்னால் நின்று சொல்கிறேன்.

எவாரிஸ்தோ


புவெனஸ் அயர்ஸ்
ஜூலை 8, 2001

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் சுகமாக இருக்கிறேன். வேலை பழகிவிட்டது.

நீ எழுதியது எதுவும் எனக்குப் புதிது இல்லை. பின்னால் சாய்ந்தவள் மேட்டுக்குப் பக்கத்திலேயே முதுகடிபட விழுவாள். இறங்குசரிவைத் தாண்டிப் போய் விழ மாட்டாள். தாண்டிப் போக வேகம் வேண்டும். இதைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும், எனக்குத் தெரியாதா? குச்சியை விட்டுப் புறப்பட்ட மூன்றாவது மூச்சிலேயே பனி அலறுவது காதில் விழுந்தது. அப்போதே குறுக்கே திருப்பி நின்றிருக்கலாம், நேரம் இருந்தது. எவா குதித்துப் பார்த்திருக்கிறான், அவனுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதனால் நிற்கவில்லை.

செப்டம்பரில் உனக்கு எழுதும்போதே மனசின் ஒரு மூலையில் தெரியும். தப்பு என்னுடையதாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் உன்னைக் கேட்டேன். நிதியா வந்துபோன பிறகு வேண்டிக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல் போனது. ஜனவரியில் கேட்டது தெரிந்துகொள்ள இல்லை. நீ சொல்வாயா என்று பார்க்கத்தான்.

நீ பார்த்தேன் என்று எழுதினாய். உன் வார்த்தையை நம்பித்தான் எஸ்கெல்லை வேண்டாம் என்றேன் என நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை, அண்ணா. அந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லித்தர வேண்டியது என்ன? ஸ்கீயை எப்படிப் பிடிப்பது, எங்கே குனிவது என்றா? அதெல்லாம் பிறகு. மேலே நின்று கேளுங்கள், குதித்துப் பார்த்தவன் ஆமாம் என்று சொன்னால் யோசிக்காமல் போங்கள் என்பதுதான் முதல் பாடம். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் காற்றில் எழும்ப முடியாது. உன் மார்ச் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ஆஸ்பத்திரி அறையில் தனியாக. வாயில் வரவில்லை. மறுநாளும் சொல்லிப் பார்த்தேன். இப்போது உன் கடிதம் வந்த பிறகும் சொல்லிப் பார்த்தேன்.

அந்த சான் ரஃபேல் பெண்ணை நிறுத்தினாய், நல்லது செய்தாய். அவளுக்காகச் சந்தோஷப்படுகிறேன்.

எஸ்கெல்லுக்கு எழுத மாட்டேன். நீயும் போக வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். குளிர்காலம், இருமல் திரும்ப வரும், உடம்பைப் பார்த்துக்கொள்.

நோயெமி